மதகு சாத்திய நாள்

ஜனவரி 18, வியாழன். ஏலகிரி

காலை ஆறரைக்குக் கொரட்டூரிலிருந்து புறப்பட்டோம். வாடகை வேன். வெளியிலிருந்து பார்த்தால் கல்யாணத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற வண்டி போலத்தான் இருக்கிறது. உள்ளே ஒரு கட்டில், எதிரே நீள இருக்கை, இரட்டை அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி, பின்னால் ஆள் திரும்ப இடமில்லாத கழிவறை. தண்ணீர்த் தொட்டி அறுபது லிட்டர் என்று எழுதியிருக்கிறது. நான் பக்கெட்டால் அளந்து ஊற்றினேன். ஐம்பத்து நான்குதான் பிடித்தது.

ஏற்பாடு இதுதான். பன்னிரண்டு நாள் நிதானமாக ஊர் பார்த்துக்கொண்டு போகிறோம். வழியில் இரண்டு நண்பர்கள் வீடு. கடைசியில் யசோதா செங்கோட்டையில் இறங்கிக்கொள்வாள். அங்கே காது கேளாத பிள்ளைகளுக்கான ஒரு சின்னப் பள்ளியில் விடுதியைப் பார்த்துக்கொள்ள அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன் அவள் அந்தப் படிப்புதான் படித்தாள், இரண்டு வருடம் வேலையும் பார்த்தாள். நான் வேனைத் திருப்பிக்கொண்டு கொரட்டூர் வந்துவிடுவேன். அதற்குப் பிறகு அவள் அங்கே, நான் இங்கே. கோர்ட்டு, வக்கீல் என்றெல்லாம் எதுவும் இல்லை. முப்பத்தெட்டு வருடம் சேர்ந்து இருந்தோம், இனி தனித்தனியாக இருப்போம். இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு என்றுதான் சொல்ல வேண்டும்.

நண்பர்களிடம் போனில் சொல்லக்கூடாது, நேரில் சொல்ல வேண்டும் என்றாள். அதற்காகத்தான் இந்தப் பயணம். வேன் எடுக்கலாம் என்றதும் அவள்தான். இன்னொருவர் வீட்டில் தங்கினால் ஒரே அறையைத் திறந்து விடுவார்கள், வேனில் என்றால் சொல்லிவிட்டுக் கிளம்பி வந்துவிடலாம். அது நியாயமாகத்தான் பட்டது.

மாலை நான்கு மணிக்கு மலை ஏறி முடித்தோம். பதினான்கு கொண்டை ஊசி வளைவு. வண்டி நன்றாக இழுக்கிறது.

ஜனவரி 19, வெள்ளி. ஏலகிரி

ஸ்டீபன்ராஜ் வீட்டில் பகல் முழுவதும். வேலூர்ப் பக்கம் நான் பொறியாளராக இருந்தபோது கரை பலப்படுத்தும் வேலை எடுத்துச் செய்த ஒப்பந்தக்காரர். இப்போது பலாத்தோப்பு வைத்துக்கொண்டு மலையிலேயே இருக்கிறார். என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. எனக்கு அது பழக்கமில்லை.

ஏரியில் படகு விட்டோம். அவர் துடுப்புப் போட, நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். மார்ச்சில் வந்து ஒரு வாரம் தங்க வேண்டும், பலா பிஞ்சு விட்டிருக்கும், நீங்கள் தனியாக வந்தாலும் சரி என்றார். தனியாக என்று ஏன் சொன்னார் என்று யோசித்தேன். பேச்சுவாக்கில் சொல்லியிருப்பார். சொல்ல வேண்டியதை அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். படகில் வைத்துச் சொல்வது சரியில்லை என்று விட்டுவிட்டேன்.

அவர் மனைவி கிளாராவும் யசோதாவும் சமையலறையில் மூன்று மணி நேரம் பேசினார்கள். வெளியே வந்தபோது கிளாராவின் கண் சிவந்திருந்தது. வெங்காயம் நறுக்கியிருப்பார்.

வேனுக்குத் திரும்பியதும், சொல்ல வேளை வரவில்லை என்றேன். "சரி, விடுங்க" என்று இருக்கையில் போர்வையை விரித்தாள். கட்டில் எனக்கு. நான்கு வருடமாகவே வீட்டில் தனித்தனி அறைதான். என் குறட்டை காரணம்.

ஜனவரி 20, சனி

திருப்பத்தூர், தருமபுரி வழியாக ஒகேனக்கல். பெட்ரோல் பங்கில் தண்ணீர் பிடித்தோம். ஐம்பத்து நான்கு லிட்டரேதான்.

ஜனவரி 21, ஞாயிறு. ஒகேனக்கல்

பரிசலில் போனோம். விநாடிக்கு ஆயிரத்து ஐந்நூறு கன அடி வந்துகொண்டிருக்கும். பாறையில் படிந்த கறையை வைத்து, போன ஆடியில் எந்த அளவுக்குத் தண்ணீர் ஏறியது என்று யசோதாவுக்கு விளக்கினேன். அவள் கையைத் தண்ணீருக்குள் விட்டபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கொஞ்ச நேரம் அளக்காம பாருங்களேன்" என்றாள்.

பார்த்தேன். தண்ணீர்தான். முப்பத்து நான்கு வருடம் பொதுப்பணித்துறையில் தண்ணீரை அளந்தே சம்பளம் வாங்கியவனிடம் இதைச் சொன்னால் என்ன செய்வது?

மதியம் மீன் வறுவல். அவள் இரண்டு துண்டு கூடுதலாகச் சாப்பிட்டாள். டோஹாவிலிருந்து மகள் மதுமிதா அழைத்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். இருவரிடமும் தனித்தனியாகப் பேசினாள்.

ஜனவரி 22, திங்கள். ஒகேனக்கல்

இன்று மேட்டூர் போயிருக்க வேண்டும். காலையில் காபி போட்டுக் கொடுத்துவிட்டு யசோதா, வெண்ணாம்பாறைக்குப் போகலாம் என்றாள். அது நாம் போகிற திசையில் இல்லை, எழுபது கிலோமீட்டர் திரும்பிப் போக வேண்டும் என்றேன். நம்முடைய திட்டத்தில் இரண்டு வீடுதான் என்றேன். மூன்று என்றாள்.

வெண்ணாம்பாறை பெரிய அணை இல்லை. கிருஷ்ணகிரிக்குத் தெற்கே ஒரு காட்டாற்றின் குறுக்கே கட்டியது, ஏழு மதகு. எண்பத்தெட்டிலிருந்து தொண்ணூற்றொன்று வரை அங்கே உதவிப் பொறியாளராக இருந்தேன். மதகை ஏற்றி இறக்குகிற லஸ்கர் மாதையன் இப்போதும் அங்கேதான் இருக்கிறார். அவர் நண்பர் இல்லை, என் கீழ் வேலை பார்த்தவர்.

மதகுகளைப் பழுது பார்க்கிறார்களாம், உள்ளே விடமாட்டார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "மாதையனைப் பாக்கப் போறோம், மதகை இல்ல" என்றாள்.

தொண்ணூற்றொன்று நவம்பர் பற்றி இங்கே எழுதி வைப்பது நல்லது. எங்கள் இரண்டாவது குழந்தை, பெண், கிருஷ்ணகிரியில் ஒரு மருத்துவமனையில் இறந்து பிறந்தது. நவம்பர் பதினெட்டு. அந்த வாரம் மேலே மலையில் கடும் மழை. அணைக்கு விநாடிக்கு நாலாயிரம் கன அடி வந்தது. ஏழு மதகையும் திறந்திருந்தோம், கீழே நான்கு கிராமம். பொறுப்பில் நான் ஒருவன்தான். நகர முடியவில்லை. மருத்துவமனையில் யசோதாவுக்குத் துணையாகச் சேலத்திலிருந்து அவள் அக்கா இருந்தார். குழந்தையை மாதையன் வாங்கி வந்து அடக்கம் செய்தார். இதை யார் கேட்டாலும் நான் சொல்லியிருக்கிறேன். வேலை அப்படி.

ஜனவரி 23, செவ்வாய். வெண்ணாம்பாறை

மாதையனுக்கு எழுபத்தேழு வயது. முழங்கால் வலி, கம்பு ஊன்றி நடக்கிறார். அவர் மனைவி பாப்பாத்தி மட்டும் முன்போலவே இருக்கிறார். களியும் கீரைக் கடைசலும் செய்திருந்தார். எங்களைப் பார்த்ததும், "வா தாயி, ரெண்டு மாசத்துல ரெண்டாந்தரமா வர" என்று யசோதாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்.

எனக்கு விளங்கவில்லை. விசாரித்தபோது மாதையன்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். அம்மா வருசா வருசம் நவம்பர் மாதம் வந்துவிட்டுத்தான் போகிறார்களாம். காலையில் வந்து மாலை பஸ்ஸில் சேலம் திரும்பிவிடுவார்களாம்.

வருடாவருடம் நவம்பரில் அவள் சேலத்துக்கு அக்கா வீட்டுக்குப் போவாள். அக்கா இறந்த பிறகு, அக்கா பிள்ளைகளைப் பார்க்கப் போவாள். நான்தான் ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுப்பேன். முப்பத்திரண்டு வருடம்.

சாப்பிட்டதும் எங்களைக் கூட்டிப் போனார்கள். வாய்க்கால் கரையோரம், அரசாங்க நிலம் முடிந்து மாதையனின் கொல்லை தொடங்குகிற மூலை. ஒரு புங்கமரம். அதன் அடியில் முழ நீளக் கல், சுண்ணாம்பு அடித்தது. சுற்றிலும் புல் செதுக்கிச் சுத்தமாக இருந்தது. யசோதா செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். அவள் அழவில்லை. பழகிய இடத்தில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தாள். நான் நின்றுகொண்டிருந்தேன்.

யாரும் பேசாமல் இருந்தது எனக்கு ஒருமாதிரி இருந்தது. அன்றைக்கு மட்டும் வெள்ளம் வராமல் இருந்திருந்தால் நான் வந்திருப்பேன் என்றேன். மாதையன் கம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாப்பாத்திதான் வாயைத் திறந்தார்.

"வெள்ளம் அதுக்கு மொத நாளே வடிஞ்சி போச்சில்ல சார். அன்னிக்கு நல்ல வெயிலு. பாப்பாவ எடுத்தாந்தப்போ இவருக்கு வேர்த்துக் கொட்டுச்சி."

"நீ சும்மா இரு" என்றார் மாதையன்.

யசோதா திரும்பிப் பார்க்கவில்லை. கல்லின் மேல் விழுந்திருந்த புங்க இலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

பாப்பாத்திக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. தேதி குழம்பியிருக்கும்.

ஜனவரி 24, புதன். மேட்டூர்

பூங்காவைப் பார்த்தோம். அணையைப் பார்த்தோம். நீர்மட்டம் எவ்வளவு என்று பலகையில் எழுதியிருந்தது. நான் படிக்கவில்லை.

கழிவுநீர்த் தொட்டியைக் காலி செய்ய இடம் தேடி ஒரு மணி நேரம் அலைந்தோம். யசோதா வண்டிக்குள் மிளகாய்ப்பொடி டப்பாவைத் தவற விட்டுவிட்டாள். இருவரும் தும்மிக்கொண்டே கூட்டி அள்ளினோம்.

ஜனவரி 25, வியாழன். தாராபுரம் அருகே

இன்று தைப்பூசம். சாலை முழுவதும் பழனிக்கு நடந்து போகிறவர்கள். பச்சை வேட்டி, பச்சைப் புடவை, தோளில் காவடி. வண்டி மணிக்கு பத்து கிலோமீட்டர்கூடப் போகவில்லை. யசோதா ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டே வந்தாள். கடைசியில் ஒரு நெல் களத்தில் அனுமதி கேட்டு வண்டியை ஓரம் கட்டினோம். அவள் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு பேசப் போயிருக்கிறாள். வெளிச்சம் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும்.

பாப்பாத்திக்குத் தேதி குழம்பவில்லை.

வெள்ளம் பதினாறாம் தேதி இரவே குறையத் தொடங்கியது. பதினேழு மதியம் ஆறு மதகைச் சாத்தினோம். பதினெட்டு காலை ஏழாவதையும் சாத்தியாயிற்று. சாத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவன் நான். எட்டரை மணிக்கு மருத்துவமனையிலிருந்து ஆள் வந்தது. மாதையன் மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்து நிறுத்தி வைத்தார். மூன்று தடவை வந்து கூப்பிட்டார். நான் கட்டுப்பாட்டு அறையில் நீர்மட்டப் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்பது மணிக்கு எழுதினேன். பத்து மணிக்கு எழுதினேன். ஒவ்வொரு மணிக்கும் அதே அளவு. மாலை ஆறு வரை எழுதினேன். அணையில் எதுவும் நடக்கவில்லை.

போயிருந்தால் கையில் கொடுத்திருப்பார்கள். கொடுத்தால் பார்க்க வேண்டும். யசோதாவின் முகத்தையும் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. அவள் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம் ஆழியாறுக்கு மாற்றல் வந்தது. அரசு உத்தரவு, என்ன செய்ய முடியும் என்று அவளிடம் சொன்னேன். அந்த மாற்றலை எழுதிக் கேட்டு வாங்கியது நான். அவள் தினமும் காலையில் வாய்க்கால் பக்கம் போய்விட்டு வந்தாள். எங்கே போகிறாய் என்று நான் கேட்கவில்லை. எங்கே என்று தெரிந்ததால் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டு இருக்க முடியாமல்தான் மாற்றல் கேட்டேன்.

ஜனவரி 26, வெள்ளி. ஆழியாறு

ருக்மணி டீச்சர் வீடு. ஆழியாறு குடியிருப்பில் எங்களுக்கு எதிர்வீட்டில் இருந்தவர்கள். அவர் கணவர் தங்கவேலு இப்போது தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்கிறார். பகல் சாப்பாடு முடிந்து இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். இனியும் தள்ளிப்போட வேண்டாம் என்று நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்தே சொல்லியிருக்கலாம். எழுந்து நின்று, வருகிற வாரத்திலிருந்து நாங்கள் தனித்தனியாக வாழப் போகிறோம் என்று சொன்னேன்.

தங்கவேலு இளநீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ருக்மணி டீச்சர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"தெரியுங்ணா. யசோதா போன மாசமே போன்ல சொல்லிப்போட்டா. நீங்களே சொல்லட்டும்னுதானுங் இருந்தோம்."

ஸ்டீபன்ராஜுக்கும் தெரியும். மாதையனுக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்து, எல்லாரும் எனக்குச் சோறு போட்டிருக்கிறார்கள்.

வேனுக்கு வந்ததும் கோபத்தில் கேட்டேன். எல்லாருக்கும் சொல்லிவிட்டு என்னை எதற்காக ஊர் ஊராக இழுத்துக்கொண்டு வந்தாய் என்று. அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். நிதானமாகப் பதில் சொன்னாள்.

"இவங்கள்லாம் நம்ம சிநேகிதங்கன்னு சொல்றீங்க. இத்தனை வருஷத்துல நீங்களா ஒருத்தருக்கு ஒரு போன் பண்ணியிருக்கீங்களா? கிளாராவுக்கு ஆபரேஷன் ஆனது தெரியுமா? தங்கவேலு அண்ணனுக்குப் பேரன் பொறந்தது தெரியுமா? எல்லாம் நான் பேசிப் பேசி வச்சிருந்ததுங்க. நான் போயிட்டா உங்களோட பேச ஒரு ஆள் கிடையாது. அதான் கூட்டிட்டு வந்தேன். அவங்க உங்களப் பாத்துக்கட்டும்னு."

வண்டியின் பின்பக்கம் போய்க் காற்று சரியாக இருக்கிறதா என்று டயர்களைப் பார்த்தேன். நான்கும் சரியாக இருந்தன.

ஜனவரி 27, சனி. ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி

உடுமலை, மதுரை வழியாக நீண்ட ஓட்டம். மேற்கே மலை கூடவே வந்தது. ஒரு கண்மாய்க் கரையில் வேலமர நிழலில் நிறுத்தினோம். எலுமிச்சை சாதம், அப்பளம். யசோதா தட்டு கழுவினாள், நான் துடைத்து வைத்தேன்.

வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நேராகவே சொன்னேன்.

"யசோதா, அன்னைக்கு வெள்ளம் இல்ல."

"தெரியும்" என்றாள். கை நிற்கவில்லை.

"பயந்துட்டேன்."

அப்போதுதான் தட்டைக் கீழே வைத்தாள்.

"இதத்தாங்க நான் கேட்டுட்டே இருந்தேன். வெள்ளம் வெள்ளம்னு நீங்க சொல்றப்பல்லாம், இன்னைக்காவது சொல்லிடுவீங்களான்னு. நானும் பயந்துதான் கெடந்தேன் அங்க. ரெண்டு பேரும் சேந்து பயந்திருக்கலாமே."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவளுக்குத் தெரிந்ததைச் சொல்வதில் என்ன இருக்கிறது? தெரியாததையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. ஆழியாறு மாற்றலை நானே கேட்டு வாங்கினேன் என்று சொன்னேன்.

அது அவளுக்குத் தெரியாது. முகத்தில் பார்த்தேன். எழுந்து கண்மாய்க் கரையில் நடந்தாள். கரை திரும்புகிற இடம் வரை போய் அங்கேயே நின்றாள். நான் போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே வண்டியில் இருந்தேன். பிறகு போனேன். பத்தடி தள்ளி நின்றேன். அவள் போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.



ஜனவரி 28, ஞாயிறு. தென்காசி

காலையில் குற்றாலம். தை மாதம், அருவியில் தண்ணீர் மெல்லிய நூலாகத்தான் விழுகிறது. கூட்டமில்லை. பாறையில் உட்கார்ந்திருந்தோம். அவளாகவே பேச ஆரம்பித்தாள்.

அந்த மூன்று வாரம் தினமும் அங்கே போய் உட்கார்ந்தபோதுதான் தனக்கு மூச்சு விட முடிந்தது என்றாள். அங்கிருந்து அரசாங்கம் பிரித்து அனுப்பிவிட்டது என்று நினைத்து இத்தனை வருடம் அதற்காக யார்மேலும் கோபப்படாமல் இருந்தேன் என்றாள். நேற்று ராத்திரி முழுக்கக் கோபமாக இருந்தது, இப்போது இல்லை, களைப்பாக இருக்கிறது என்றாள்.

செங்கோட்டைக்கு வேண்டாம், வீட்டுக்குப் போய்விடலாமா என்று கேட்டேன்.

"நான் போறேங்க. உங்கமேல கோவிச்சிட்டுப் போறேன்னு நெனைக்காதீங்க. கோவம் இருந்தப்பல்லாம் உங்க கூடத்தான் இருந்தேன்."

கொஞ்ச நேரம் கழித்து, குழந்தை எப்படி இருந்தது என்று கேட்டேன். முப்பத்திரண்டு வருடத்தில் நான் இதைக் கேட்டதில்லை. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அருவியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். தலை நிறைய முடி. நெற்றியில் சுருண்டு ஒட்டியிருந்ததாம். விரல்கள் நீளம், என் விரல் போல. இடது காது மட்டும் கொஞ்சம் மடிந்திருந்தது. தூங்குகிற பிள்ளை போலத்தான் இருந்தாள். மாதையன் தன் புது வேட்டியைக் கிழித்துச் சுற்றி எடுத்துப் போனார்.

பேர் வைத்தாயா என்றேன். பூங்குழலி என்றாள்.

நான் அழுதேன். பக்கத்துப் பாறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்மணி பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். யசோதா முந்தானையைக் கொடுக்கவில்லை, தோளில் கை வைக்கவில்லை. ஆனால் எழுந்து போகாமல் கூடவே உட்கார்ந்திருந்தாள்.

ஜனவரி 29, திங்கள். செங்கோட்டை

பள்ளி ஊருக்கு வெளியே, வயலுக்கு நடுவில். ஓட்டுக் கட்டடம் இரண்டு. விடுதியில் நாற்பது பிள்ளைகள். அவளுக்குத் தனி அறை, ஜன்னலைத் திறந்தால் மலை தெரிகிறது. இரண்டு பெட்டி, ஒரு தையல் மிஷின், ஒரு மூட்டைப் புத்தகம். எல்லாவற்றையும் நான்தான் இறக்கி வைத்தேன். மின்விசிறி கடகடவென்று சத்தம் போட்டது. ஏறி நின்று திருகைச் சரி செய்தேன்.

இடைவேளையில் பிள்ளைகள் ஓடி வந்து அவளைச் சுற்றிக்கொண்டார்கள். அவள் கையால் பேசினாள். படித்து நாற்பது வருடம் ஆகிறது, மறந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். விரல்கள் அத்தனை வேகமாகப் போயின. புருவம், உதடு, தோள் எல்லாம் பேசியது. என்ன சொன்னாளோ, பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முப்பத்தெட்டு வருடத்தில் நான் அந்த முகத்தைப் பார்த்ததில்லை. ஒரு சின்னப் பெண் என்னைச் சுட்டிக்காட்டி ஏதோ கேட்டது. யசோதா ஒரு கணம் யோசித்தாள். பிறகு இரண்டு கையாலும் பதில் சொன்னாள். அந்தப் பெண் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு ஓடியது.

என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை.

கிளம்பும்போது வாசல் வரை வந்தாள். என் மாத்திரைகளை எந்த டப்பாவில் வைத்திருக்கிறாள் என்று சொன்னாள். இருட்டியபின் வண்டி ஓட்ட வேண்டாம் என்றாள். சரி என்றேன். போய்வருகிறேன் என்றும் சொன்னேன். அவள் தலையசைத்தாள்.

ஜனவரி 30, செவ்வாய். திண்டுக்கல்

வேன்காரரிடம் பேசி இன்னும் மூன்று நாள் கேட்டு வாங்கினேன். அடுப்பைப் பற்றவைக்கத் தெரியவில்லை. இத்தனை நாளும் அவள்தான் பற்றவைத்தாள். ஓட்டலில் சாப்பிட்டேன்.

ஜனவரி 31, புதன். வெண்ணாம்பாறை

திண்டுக்கல்லிலிருந்து விடியற்காலை கிளம்பி, மதியம் இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். முன்கூட்டிச் சொல்லவில்லை. பாப்பாத்தி வாசலில் அவரைக்கொட்டையை உலர்த்திக்கொண்டிருந்தார். நான் தனியாக இறங்கியதைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

பாப்பாத்தியிடம் முதலில் அதைச் சொன்னேன். நீங்கள் சொன்னதுதான் சரி, அன்றைக்கு வெயில், மதகெல்லாம் சாத்தியிருந்தது, நான் வரவில்லை என்று. மாதையனும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதுக்கென்ன சார், இப்ப வந்துட்டீங்க இல்ல" என்றார் பாப்பாத்தி. "உள்ள வாங்க, சாப்புடுங்க."

நான் சாப்பிட்டு முடிக்கிற வரை மாதையன் எதிரே உட்கார்ந்திருந்தார். பிறகு உள்ளே போய்ச் சுண்ணாம்பு வாளியையும் அடிக்கிற மட்டையையும் எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். கூட வரவில்லை.

எனக்கு மட்டை பிடித்துப் பழக்கமில்லை. கல்லின் மூன்று பக்கம் அடிப்பதற்குள் சட்டையெல்லாம் சுண்ணாம்பு. நான்காவது பக்கம் தரையோடு ஒட்டி இருந்தது. முழங்காலிட்டுக் குனிந்துதான் அடிக்க முடிந்தது. குனிந்தபிறகு எழுந்திருக்க மனம் வரவில்லை. பேரைச் சொல்லிப் பார்த்தேன். சத்தமாகவும் ஒரு தடவை சொன்னேன். வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. எவ்வளவு என்று பார்க்கவில்லை.

நாலரை மணிக்கு யசோதா அழைத்தாள். கொரட்டூர் போய்ச் சேர்ந்துவிட்டேனா என்று கேட்க.

"இல்ல" என்றேன். "எங்க இருக்கீங்க?" என்றாள்.

"பூங்குழலிகிட்ட."

அவள் பேசவில்லை. பின்னால் பிள்ளைகள் விளையாடுகிற சத்தம் கேட்டது, பேச்சில்லாமல் காலடியும் கைதட்டலும் மட்டும். புங்கமரத்து நிழல் வாய்க்காலைத் தாண்டி அக்கரைக்குப் போகிற வரை அவள் போனை வைக்கவில்லை.